ஆயில் குடிக்கும் வண்டியை வாங்கியிருக்கும் கண்ணுக்கு

கண்ணு, பழைய மாருதி ஒன்றை வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆயில் குடிக்கிறதாம், பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்களாம். திருப்பூரில் வைத்தியம் சொல்ல ஆளைத் தேட வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒருவர் ரிங் போய்விட்டது என்பார், இன்னொருவர் ஆயிலை மாற்று என்பார், மூன்றாமவர் வண்டியையே மாற்று என்பார். மூன்று பேரும் பேனட்டைத் திறந்திருக்க மாட்டார்கள். பட்டறையில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

1. வைத்தியத்துக்கு முன்னால் கணக்கு. ஒரு சின்ன நோட்டை வண்டியிலேயே போட்டு வை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழே இறங்க விடு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார். மேல்கோடு வரை ஊற்றி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுது. பிறகு வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே விதமாகப் பார். ஊற்றினால் எவ்வளவு என்று எழுது. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் கூட்டு. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் எங்களிடம் வருவார். நூல் கோன் வந்து இறங்கினால் கிராம் பிசகாமல் எடை போட்டு வாங்குகிறவர். நிட்டிங்கிலிருந்து எத்தனை கிலோ துணி திரும்பியது, வேஸ்ட் எவ்வளவு என்று விரல்நுனியில் வைத்திருப்பார். காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ரொம்பக் குடிக்குதுங்க" என்பார். எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. எழுத வைத்தோம். ஆயிரத்துக்குக் கால் லிட்டர்கூட ஆகவில்லை. டிரைவர் சரிவான போர்டிகோவில் வைத்தே கம்பியைப் பார்த்து, குறைவாகத் தெரிகிறதென்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். சில கார் கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை போகலாம் என்று அச்சடித்திருக்கின்றன. அது ரொம்பத் தாராளம். மாருதி 800-க்குள் பிடிப்பதே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். கால் லிட்டர் குடிக்கிற பழைய இன்ஜினில் நான் கை வைக்க மாட்டேன். அரை லிட்டரைத் தாண்டினால் தேட ஆரம்பிப்பேன்.

2. ஒழுகுகிறதா, எரிகிறதா என்று பிரித்துக்கொள். ஆயில் போக இந்த இரண்டு வழிதான். இரவு வண்டிக்கு அடியில் வெள்ளை பனியன் வேஸ்ட்டை விரித்து வை. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? காலையில் கறுப்போ பழுப்போ சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். ஆனால் சொட்டுகிற இடமே ஒழுகுகிற இடம் என்று முடிவு கட்டிவிடாதே. ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். இன்ஜினைக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, டார்ச் அடித்து, ஈரமாக இருக்கிற ஆக மேலான இடத்தைத் தேடு. டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், சேம்பர் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) பேக்கிங், டிரெயின் போல்ட்டின் வாஷர், கிராங்கின் முன் சீல், பின் சீல் என்று வரிசையாகப் பார். துணியில் ஆயில் கோடு விழுந்தால் நம் நிட்டிங் ஆட்கள் துணியைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. எந்த ஊசி என்று மெஷினுக்குப் போவார்கள். அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். (அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும். ஒரு சொட்டுகூட ஒழுகாத அம்பாசிடரை நான் அதிகம் பார்த்ததில்லை. 2014-இல் அந்தக் காரைக் கட்டுவதை நிறுத்தும் வரை அது அப்படியேதான் இருந்தது, நாங்களும் அதை நேசித்தபடியேதான் இருந்தோம்.)

3. புகையைப் படிக்கக் கற்றுக்கொள். நீலப் புகை ஆயில். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே தள்ளினால் தண்ணீர் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. நீலம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று ஒரு மூச்சு தள்ளி, பிறகு அடங்கிவிட்டால் வால்வ் சீல். ஏற்றத்திலும், ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போதும் விடாமல் தள்ளினால் பிஸ்டன் ரிங். ஓட்டுகிறவனுக்கு இது சரியாகத் தெரியாது. நம்பிக்கையான ஒருவரைப் பின்னால் பைக்கில் வரச் சொல். வால்பாறை போய் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கியரிலேயே, ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, ஆழியாறில் சமதளம் வந்ததும் ஒரு மிதி மிதித்துக் கண்ணாடியில் பார்த்தால், வால்வ் சீல் போன வண்டி அங்கே தன் ஜாதகத்தையே காட்டிவிடும். இறங்கும்போது இன்ஜினுக்குள் உண்டாகும் உறிஞ்சல் வால்வ் தண்டு வழியாக ஆயிலை உள்ளே இழுத்து வைத்திருக்கும்.

4. மலிவானதிலிருந்து ஆரம்பி. பழைய இன்ஜின் எல்லாவற்றிலும் எரிந்த காற்று கொஞ்சம் ரிங்கைத் தாண்டிச் சேம்பருக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும் பிசிவி வால்வும். அந்த வழி கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். ஒரு வண்டிக்கு வெளியூரில் கியர்பாக்ஸை இறக்கி கிராங்க் பின் சீல் மாற்றினார்கள். சில மாதத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது முறை ஒழுகியபோது எங்கள் பட்டறைக்கு வந்தது. பிரீதர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினால் காற்று போகவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினோம். சீல் அப்புறமும் ஒரு தடவை மாற்றத்தான் வேண்டியிருந்தது, ஆனால் அது நிலைத்தது. முதல் இரண்டு மெக்கானிக்குகளுக்கும் வேலை தெரியாமல் இல்லை. பெரிய வேலை செய்தால்தான் பெரிய வேலைக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். நீ அப்படி நினைக்காதே.

5. அளக்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதே. ஆயில் மூடியைத் திறந்து, புகை வருகிறதைக் காட்டி, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ஹாஃப் இன்ஜின் வேலை" என்று சொல்கிறவரிடம் கோபப்படாதே. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல். மூன்று சிலிண்டரையும் பார்க்கட்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால், குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கட்டும். அளவு ஏறினால் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வ் பக்கம் போ. கழற்றிய பிளக்குகளையும் வரிசை மாறாமல் வைத்துப் பார். எது ஆயிலில் நனைந்து கறுத்திருக்கிறதோ அந்த சிலிண்டர்தான் குடிக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருந்து ஆயில் மட்டும் குறைவதும் உண்டு. அப்போது வால்வ் சீலோ, கரியில் ஒட்டிக்கொண்ட மூன்றாவது ரிங்கோ காரணமாக இருக்கலாம். அந்த மூன்றாவது ரிங்கின் வேலையே ஆயிலை வழித்து இறக்குவதுதான். ஒட்டிய ரிங்கை விடுவிக்கப் பிளக் ஓட்டையில் கிளீனர் ஊற்றி ஊறவைப்பார்கள். சில வண்டிகளில் பலித்துப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் பலிக்கவில்லை. செலவு குறைவு என்பதால் முயன்று பார்ப்பதில் தப்பில்லை. ஊறவைத்த பிறகு ஆயிலை மாற்றாமல் மட்டும் ஓட்டாதே.

6. கெட்டி ஆயில் ஊற்றி வாயடைக்கப் பார்க்காதே. 20டபிள்யூ-40 என்று கேனில் எழுதியிருப்பதில் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது இன்ஜின் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கையேடு அனுமதிக்கிற எல்லைக்குள் ஒரு படி கெட்டியானதுக்குப் போகலாம். நம் ஊர் வெயிலுக்கும் தேய்ந்த இன்ஜினுக்கும் அது ஒத்துவரும், குடிப்பதும் சற்றுக் குறையும். அதற்கு மேல் கெட்டியாக்கினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகி, அந்த நேரத்தில் இருக்கிற உலோகமும் தேயும். டப்பா மருந்துகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த சீலைக் கொஞ்சம் இளக வைப்பவை உண்டு. உடைந்ததை ஒட்டுவது எதுவும் இல்லை. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதே. கூடுதல் ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்க, அது பிரீதர் வழியாகவும் ரிங் வழியாகவும் போய், வண்டி குடிப்பதுபோல் தெரியும். சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்கு, காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுத் தூக்கிப் போடு. உன் காலி கேனில் டூப்ளிகேட்டை நிரப்பி இன்னொரு பிள்ளைக்கு விற்கிறவன் இருக்கிறான். இன்னொன்று: எப்படியும் குடிக்கிறதே, ஊற்றிக்கொண்டே இருந்தால் புது ஆயில்தானே என்று மாற்றாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். ஊற்றுவது மாற்றுவதாகாது. கரி உள்ளேயே தங்கி ரிங்கை ஒட்ட வைக்கிறது.

7. நம் ஊர்ப் பஞ்சை மறக்காதே. நிட்டிங் கம்பெனி வாசலிலும் மில் வளாகத்திலும் நிற்கிற வண்டிக்குள் பஞ்சுத் தூசி போகாமல் இருக்குமா? ஏர் ஃபில்டரில் அடைக்கும், ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே மெத்தைபோல் படியும். ரேடியேட்டர் மூச்சுவிட முடியாவிட்டால் இன்ஜின் சூடாகும். சூடானால் சீல் காயும், ஆயில் இளகும், ரிங் தன் விறைப்பை இழக்கும். ஃபில்டரைத் தாண்டி மண்தூசி போனாலோ போரே தேயும். மாதம் ஒரு தடவை ரேடியேட்டரைப் பின்பக்கத்திலிருந்து மெல்லிய காற்றில் ஊதச் சொல். கம்பி துடைக்கிற துணியிலும் கவனம் வை. பனியன் வேஸ்ட்டில் வெட்டின ஓரத்திலிருந்து நூல் பிரியும். அது கம்பியோடு உள்ளே போனால் சேம்பரில் ஆயில் உறிஞ்சும் சல்லடையில்தான் போய் நிற்கும். ஓரம் இல்லாத நடுத்துண்டால் துடை.

8. காலில் பொறுமை வை. ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாதே; நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் ஓடவும் விடாதே. அரை நிமிடம் பொறுத்து, மெதுவாகக் கிளம்பி, சூடு ஏறும் வரை நிதானமாகப் போ. புஷ்பா தியேட்டர் பக்கம் சாயங்கால நெரிசலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் கியர் மாற்றி மாற்றிச் சீறுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அடுத்த சிக்னலில் அவர்களும் நானும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். வீட்டிலிருந்து கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டிக்குள் ஈரம் தங்கி ஆயில் கசடாகும். அதற்கும் வாரம் ஒரு தடவை காங்கயம் வரையாவது சீரான வேகத்தில் போய்வர வாய்ப்புக் கொடு.

9. செய்தால் முழுதாகச் செய், இல்லாவிட்டால் தொடாதே. போர் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்ட சிலிண்டரில் புது ரிங்கை மட்டும் போட்டு, பத்து நாள் புகை இல்லாமல் ஓட்டிக் காட்டிப் பணம் வாங்குகிற வேலை உண்டு. மூன்றாம் மாதம் பழைய கதைதான். ரீபோர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் நல்ல லேத் இருக்கிறது. போரை அளந்து, எண்ணை எழுதிக் கையில் கொடுக்கிற இடமாகப் பார்த்துப் போ. வேலை முடிந்து வந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அதிக பாரமும் அதிவேகமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரமும் ஓட்டாதே. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்று. வேலை நடக்கும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறையில் போய் நில். கையில் கறை படுவதைக் கேவலமாக நினைக்காதே. சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டித்தான் ஆரம்பித்தார். பின்னால் அவர் எத்தனையோ கருவிகளைச் செய்த கையும் ஸ்டியரிங் பிடித்த அதே கைதான். அவிநாசி ரோட்டில் கோயம்புத்தூரில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நாள் போய்ப் பார். உன் மாருதியைவிட அரை நூற்றாண்டு மூத்த கார்கள் அங்கே எவ்வளவு மரியாதையோடு நிற்கின்றன என்று தெரியும்.

10. சிவப்பு விளக்கை நம்பி ஓட்டாதே. டேஷ்போர்டில் அந்த ஆயில் விளக்கு, ஆயில் குறைந்ததைச் சொல்ல வைத்ததில்லை. அழுத்தம் விழுந்துவிட்டதைத்தான் சொல்லும். அது எரியும்போது பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்று பொருள். அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காமல், அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணை. கட் பீஸ் மூட்டைகளை ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஏற்றிப்போகிற ஓம்னி வேன்கள் எங்களிடம் நிறைய வரும். ஓம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் சீட்டைத் தூக்க வேண்டும், மேலே கிடக்கிற பில் புத்தகம், சாம்பிள் கவர் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் யார் நகர்த்துவார்கள்? பல்லடம் ரோட்டில் அப்படி ஒரு பையன் விளக்கு எரிய எரிய ஓட்டிப்போனான். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி திரும்ப வரவில்லை, கிராங்க் பிடித்துக்கொண்டது. முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்தார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த வண்டிக்கு யார் பொறுப்பு, கம்பியை யார் பார்ப்பது என்று அங்கே யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாளைக்கு உன்னிடம் ஒரு டிரைவர் வேலைக்கு வந்தால், சாவியைக் கொடுக்கிற அன்றே கம்பியையும் காட்டிக்கொடு. டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் கேன் இருக்கட்டும்.

11. விற்கிற அன்று உண்மையைச் சொல். வாங்க ஆள் வருகிற காலையில் கெட்டி ஆயில் ஊற்றி, முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து புகையை ஓட்டிவிட்டுக் காட்டுகிற வித்தையைப் புரோக்கர்கள் உனக்கும் சொல்லித் தருவார்கள். உனக்கு விற்றவரும் அதைச் செய்திருக்கலாம். அவரைத் திட்டி முடித்தாகிவிட்டதல்லவா, அதோடு விடு. உன்னிடம் வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் கார் வாங்குகிற ஒரு டெய்லரோ செக்கிங் சூப்பர்வைசரோதான். நோட்டை எடுத்து அவர் கையில் கொடு. ஆயிரத்துக்கு இவ்வளவு குடிக்கிறது, இன்ன இடத்தில் ஒழுகுகிறது என்று சொல். ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பார், கொடுத்துவிடு. திருப்பூர் பெரிய ஊர்தான், ஆனாலும் யார் யாருக்கு எதை விற்றார்கள் என்பது இங்கே மறைவதில்லை.

12. கழிவு ஆயிலுக்கும் நீதான் பொறுப்பு. இது கடைசியாக வருகிறதென்பதால் சின்னது என்று எண்ணாதே. ஆயில் மாற்றும்போது இறக்கியது, ஒழுகிப் பிடித்து வைத்தது எல்லாம் எங்கே போகிறது என்று கேள். ஒரு காலத்தில் பட்டறைகளில் பின்பக்கச் சாக்கடையில்தான் போனது. எங்கள் பட்டறையும் விலக்கில்லை. அந்தச் சாக்கடை ஓடைக்குப் போனது, ஓடை நொய்யலுக்குப் போனது. வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டுக் காவிரியில் சேர்கிற ஆற்றை நாம் என்ன செய்தோம் என்பதை ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. அப்போது எல்லோரும் சாயக்காரர்களைக் கைகாட்டினோம். ஒரு பட்டறைக்காரனும் தன் ஆயில் டிரம்மைக் கைகாட்டவில்லை. பழைய இன்ஜின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் அது போக வேண்டும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது உன் மெக்கானிக்கிடம் இதை யார் வந்து எடுக்கிறார்கள் என்று கேள். பதில் சரியில்லையென்றால், பழையதைக் கேனில் பிடித்து, முறையாக எடுக்கிற ஒருவரிடம் நீயே கொண்டுபோய்க் கொடு, கண்ணு.